நாரத்தை டீயும் அம்மாவின் இடது கையும்

பெய்பூ,
விளக்குத் திருவிழா கழிந்து, பனி விட்டுவிட்டுப் பெய்யும் நாள்.

அன்பு மகள் யுன்-ஜூவுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருவர் சுகம், அது நான். நீ அந்த அரிசோனா வெயிலில் தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் கம்ப்யூட்டர் சில்லுத் தொழிற்சாலையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் நல்லபடி இருக்கிறாய் என்று நம்புகிறேன். வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறார் என்று நீ பயப்படுவாய், பயப்படாதே, போனில் பேச முடியவில்லை, அவ்வளவுதான். நம் வீட்டுக் கூடம் எவ்வளவு பெரிசு என்று உனக்குத் தெரியாதா, எந்த மூலையில் நின்று பேசினாலும் அம்மா காதில் விழும். பக்கவாதம் அவள் வலது பக்கத்தையும் வாயையும் பிடுங்கிக்கொண்டதே தவிர காதைத் தொடவில்லை. கொல்லைக்குப் போய்ப் பேசினாலோ, எதையோ மறைக்கிறான் என்று சக்கர நாற்காலியில் இருந்தபடியே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அதனால் நீ எதைக் கேட்டாலும் பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பரவாயில்லாதது நிறைய இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இலையுதிர் காலத்தில் நீ லீவு முடிந்து திரும்பிப் போகும்போது, தண்ணீராக எதைக் கொடுத்தாலும் அந்தக் கெட்டியாக்கும் பொடியைக் கலந்துதான் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும் என்று எனக்குப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாய். நானும் அப்படியே செய்தேன். சூப்பில் கலந்தேன், வெந்நீரில் கலந்தேன், மருந்தில் கலந்தேன். முதலில் கட்டி கட்டியாக வந்தது, பிறகு கை பழகிவிட்டது. கஞ்சியும் சூப்பும் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டாவது விழுங்கினாள். டீயை மட்டும் தொடமாட்டேன் என்றுவிட்டாள். அவள் நாக்கு எப்படிப்பட்ட நாக்கு என்று நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. உன் கின்-தெத் மாமா ஒரு தடவை சுற்றுலாக் கடையில் பீச் பழ ஊலாங் டீ என்று அழகான டப்பாவில் வாங்கிக்கொண்டு வந்தானே, நினைவிருக்கிறதா? கூடப்பிறந்த தம்பி ஆசையாக வாங்கி வந்தது என்றுகூடப் பார்க்காமல் ஒரு வாய் வைத்தவள் எழுந்து போய்த் தொட்டியில் துப்பிவிட்டு, "இதுல பீச்சு எட்டிக்கூடப் பாக்கலடா, வெறும் சோப்பு வாசனை, இந்தா நீயே குளி" என்று டப்பாவை அவன் மடியில் வைத்தாள். பழ மணம் டீக்கு மேலே பூசுவதில்லை, பழத்துக்குள்ளே டீ குடியிருக்கவேண்டும் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிக்கு ஒரே தலைவி அவள், ஒரே தொண்டன் நான்.

நம் வீட்டு நாரத்தை டீயை எனக்குக் குடிக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். கல்யாணமான புதிதில் அண்டாவில் தண்ணீர் குடிக்கிற மாதிரி மடமடவென்று குடித்துவிட்டு, புளிக்கிறது என்றேன். "பஸ் டிரைவருக்கு டீசல் வாசனைதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் ஊற்றிக் கையில் கொடுத்து, குடித்தபின் வாயை மூடிக்கொண்டு சும்மா இரு என்றாள். முதலில் தாடையை இறுக்கும் புளிப்பு, அது அடங்கும்போது தோலின் கசப்பு, அதற்குப் பின்னால் ஊலாங்கின் வறுத்த மணம், எல்லாம் இறங்கிப் போய்விட்டது என்று நினைக்கும்போது தொண்டையிலிருந்து ஒரு இனிப்பு தானாகத் திரும்பி வரும். அந்த இனிப்பு வருகிற வரை யாரும் பேசக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம், சின்ன வயதில் நீ அதற்காக எத்தனை குட்டு வாங்கியிருக்கிறாய். பொடி கலந்த டீயை நானே குடித்துப் பார்த்தேன் யுன்-ஜூ. சுவரொட்டி ஒட்டுகிற பசை. வாயெல்லாம் பூசிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது, திரும்பி வருவதற்கு எதுவும் தொண்டைக்குப் போனால்தானே. அவளுக்கு இல்லாததை அவள் முன்னால் நான் குடிக்க மனசு வராமல், பள்ளிக்கூடத்துப் பையன் திருட்டு சிகரெட் பிடிக்கிற மாதிரி கொல்லையில் போய் நின்றுகொண்டு குடித்துவிட்டு வருவேன். உள்ளே வந்ததும் மூக்கை என் பக்கம் திருப்பி ஒரு முறை இழுப்பாள். எனக்கு உயிரே போய்விடும்.

இப்போது புத்தாண்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை உனக்குப் போனில் பாதிதான் சொன்னேன். இரண்டாம் நாள் அம்மா பிறந்த வீட்டுக்குப் போகவேண்டிய நாள், போக முடியாது என்பதால் பிறந்த வீடே இங்கே வந்தது, கின்-தெத்தும் அவன் பெண்டாட்டியும். நான் அடுப்படியில் சூப்புக்குப் பொடி கலந்துகொண்டிருந்தேன். கின்-தெத் டீ மேசையில் உட்கார்ந்து, அக்கா கையால் போன வருஷம் செய்த நாரத்தை டீயை உடைத்துப் போட்டு, வரிசையாகக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான். புத்தாண்டில் மூத்தவள் முன்னால் கிண்ணத்தைக் காலியாக விட்டுத் தாண்டிப் போக யாருக்குக் கை வரும், சொல். அவனுக்கும் வரவில்லை. ஊற்றினான். ஊற்றியதை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். அம்மா குடித்தாள். வாயை மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, அந்த இனிப்பு திரும்பி வருகிற வரை காத்திருந்தாள். பிறகு இடது கையை மேசைமேல் வைத்து இரண்டு விரலால் டொக் டொக் என்று தட்டினாள். டீ ஊற்றினவருக்கு நாம் எப்போதும் தட்டுகிற அதே தட்டு. "அத்தான், ஓடி வாங்க, அக்கா நன்றி சொல்லுது!" என்று கின்-தெத் போட்ட கூச்சலில் நான் கரண்டியோடு ஓடி வந்தேன். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவள் யாருக்கும் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவன் பெண்டாட்டி அழுதுவிட்டாள். பொடி எங்கே என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, "இன்னொரு கிண்ணம் ஊத்துடா" என்றேன். ஊற்றினான், குடித்தாள், தட்டினாள். அப்புறம் இன்னொன்று. ஒரு இருமல் இல்லை, ஒரு செருமல் இல்லை. இருமினால்தானே நிறுத்தத் தோன்றும். அவ்வளவு சந்தோஷமான புத்தாண்டு இந்த வீட்டில் நடந்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டே அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

பிறகு காய்ச்சல் வந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் உனக்குத் தெரியும். சிலருக்கு இருமலே வராமல் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடுமாம். டாக்டர், "குடிக்கும்போது எந்த அறிகுறியும் காட்டலையா?" என்று கேட்டார். கின்-தெத் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல டாக்டர், நன்றி சொன்னாங்க" என்றான். டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த வாரம்தான் நீ போனில் அழுதுகொண்டே, "சாப்பாட்டுக்கு மூக்குல குழாய் போட்டுடுங்கப்பா, நான் வர்ற வரைக்கும் அம்மா உயிரோட இருக்கணும்" என்றாய். நான் கையெழுத்துப் போட்டேன். நீ சொன்னது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அம்மா அந்தக் குழாயைப் பிடுங்கிப் போட்டாள். மறுபடி செருகினார்கள், மறுபடியும் பிடுங்கினாள், மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அதன்பிறகு நர்ஸ் ஒரு கையுறை கொண்டுவந்து கொடுத்தாள். விரல் எதுவும் தனியாகத் தெரியாது, உள்ளே அட்டை வைத்து மேஜைப் பந்து மட்டை மாதிரி இருக்கும், மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டவேண்டும். வலது கை தானாகவே கிடக்கிறது, அதற்கு ஒன்றும் வேண்டாம். இடது கைக்குத்தான். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கயிற்றைக் கட்டுகிறவன் நான். நீ வீடியோவில் பேசும்போதெல்லாம் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேனே, குளிருக்காக இல்லை.

இந்தக் கலவரத்தில் சாமி மேடையில் முன்னோருக்குப் படைத்த பெரிய நாரத்தைகள் அப்படியே கிடந்தன. விளக்குத் திருவிழா முடிந்ததும் எடுத்துச் செய்யவேண்டியது, தோல் சுருங்க ஆரம்பித்துவிட்டது. குற்ற உணர்ச்சியில் கின்-தெத் அடிக்கடி வந்துகொண்டிருக்கிறான், வந்தவன் சும்மா இருக்காமல் "செஞ்சுடலாம் அத்தான், அக்கா பாக்கட்டும்" என்றான். முற்றத்தில் அவளை வெயில் படுகிற இடத்தில் உட்காரவைத்தோம். மேல்மூடி வெட்டி, சுளையைக் குடைந்து எடுத்து, விதை பொறுக்கி, ஊலாங்கோடு பிசைந்து மறுபடி உள்ளே அடைத்து, மூடியை வைத்துக் கயிற்றால் எட்டுப் பக்கமும் இறுக்கிக் கட்டவேண்டும், இல்லையா, வருஷா வருஷம் அவள் கட்டுவாள், நான் கயிறு வெட்டிக் கொடுப்பேன். இந்தத் தடவை நான் கட்டினேன். அவளுக்குப் பொறுக்கவில்லை. தொண்டைக்குள்ளிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம், கோணலாகக் கட்டினால் ஒன்று, தளர்த்திக் கட்டினால் ஒன்று. "பேச்சு வரலேன்னாலும் திட்டு வருது பாருங்க" என்று கின்-தெத் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கடைசி முடிச்சைப் போடும்போது அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். அங்கேயும் அதே முடிச்சு. எனக்குத் தெரிந்தது ஒரே முடிச்சுதான். அதற்குமேல் அன்று எனக்கு வேலை ஓடவில்லை, மிச்சத்தைக் கின்-தெத்தான் கட்டி, வேகவைத்து, பலகைக்கு அடியில் வைத்து அமுக்கிக் காயப்போட்டான். இன்னும் பலமுறை வேகவைத்துக் காயவைக்கவேண்டும். எப்படி வருமோ.

போன வாரம் ஆஸ்பத்திரியில் விழுங்குகிற பரீட்சைக்குக் கூட்டிப்போனேன். அங்கே பயிற்சி கொடுக்கிற பெண் பெயர் லூ, உன் வயதுதான் இருக்கும், தங்கமான பெண். கெட்டியாகக் கலந்ததை நாலு ஸ்பூன் ஒழுங்காக விழுங்கிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வாய்வழியே பழக்கி, பிறகு குழாயை எடுத்துவிடலாம் என்றாள். அவங்களுக்கு ரொம்பப் பிடித்தது எதுவோ அதைக் கொண்டுவாருங்கள் என்றும் சொல்லியிருந்தாள். நான் முட்டாள், வாழைப்பழக் கூழ் கொண்டுபோயிருக்கலாம், முட்டைக் கூழ் கொண்டுபோயிருக்கலாம். ரொம்பப் பிடித்தது என்றதும் நாரத்தை டீயைப் போட்டு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனேன். பிளாஸ்கைத் திறந்ததும் அந்த அறை முழுக்க மணம், லூகூட "அய்யோ, எனக்கும் ஒரு கிண்ணம் வேணும் அங்கிள்" என்றாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள், அவளாகவே. லூ பொடியைக் கலந்து கெட்டியாக்கி ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். அம்மா அதை நாக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு அப்படியே வெளியே தள்ளிவிட்டாள், மேலே கட்டியிருந்த துணியில் வழிந்தது. இரண்டாவது ஸ்பூனுக்கு வாயைத் திறக்கவே இல்லை. "ஆன்ட்டி, ஒரே ஒரு வாய், எனக்காக" என்று லூ கெஞ்சினாள். நான் அங்கேயே கத்திவிட்டேன். "ஏய் மோய்-லான், இதை முழுங்கினா குழாய எடுத்துடுவாங்கடி, டீன்னு நெனைக்காத, மருந்துன்னு நெனச்சு முழுங்கித் தொலையேன்" என்று பத்துப் பேர் கேட்கக் கத்தினேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பீச் டப்பாவைக் கின்-தெத் மடியில் வைத்தபோது பார்த்த அதே பார்வை. வேறு கூழ் எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள் லூ, அதற்கும் திறக்கவில்லை. நோயாளி ஒத்துழைக்கவில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. அடுத்த முறை எப்போது என்று கேட்டேன், கூப்பிடுவோம் என்றார்கள்.

திரும்பி வரும் வண்டியில் கோபமாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன், பார்த்துக்கொண்டே அழுதேன். விழுங்கினால் என்ன நடக்கும் என்று புரிந்துகொண்டுதான் வேண்டாம் என்றாளா, ஒன்றுமே புரியாமல் நாக்கு மட்டும் தன் பழக்கத்துக்குத் துப்பியதா? இத்தனை வருஷம் கூட இருந்த எனக்கே தெரியவில்லை. கேட்டால் சொல்ல அவளால் முடியாது. சொல்லவைக்க என்னால் முடியாது. கையைப் பிசைந்துகொண்டு நிற்பது என்று சொல்வார்களே, பிசைவதற்காவது எனக்கு இரண்டு கை இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் கிளம்பும்போது லூ ஒன்று சொல்லிக்கொடுத்தாள். வாயைச் சுத்தம் செய்கிற பஞ்சுக் குச்சியைத் தண்ணீருக்குப் பதில் டீயில் நனைத்து, ஒரு சொட்டுகூட விழாதபடி நன்றாகப் பிழிந்துவிட்டு, நாக்கைத் துடைத்துவிடலாமாம். அதை இப்போது தினமும் காலையில் செய்கிறேன். படுக்கையை உட்காருகிற மாதிரி நிமிர்த்தி வைத்து, புதிதாக டீ போட்டு, பஞ்சை நனைத்து, பயத்தில் பிழி பிழி என்று பிழிந்து நாக்கில் வைக்கிறேன். அதில் மணம் இருக்குமே தவிர வேறென்ன இருக்கும்? அம்மா வாயை மூடிக்கொள்கிறாள். கண்ணையும் மூடிக்கொள்கிறாள். நான் பேசாமல் நிற்கிறேன், வீட்டுச் சட்டமாயிற்றே. வெகுநேரம் ஆகிறது. விழுங்க எதுவுமில்லாத தொண்டையில் அந்த இனிப்பு எங்கிருந்து வரும், வருகிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது. பிறகு அந்தக் கையுறைக் கையைத் தூக்கிக் கட்டில் கம்பியில் தட்டுகிறாள், தொம் தொம் என்று. விரலால் மேசையில் தட்டுகிற சத்தம் எவ்வளவு மென்மையாக இருக்கும். இது நன்றி மாதிரியே இல்லை யுன்-ஜூ, பூட்டின அறைக்குள் இருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் எழுதுவது நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வரவேண்டும் என்பதற்காக இல்லை. வந்தாலும் நீயும் என் பக்கத்தில் நிற்பாய், அவ்வளவுதான் நடக்கும். ஒரே ஒரு உதவி செய். இனிமேல் போனில் கூப்பிட்டதும் "அம்மா, சாப்பிட்டியா?" என்று தொடங்காதே. உன்மேல் தப்பில்லை, நாம் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவோம், நானும் எதிர்வீட்டுக்காரனிடம் அப்படித்தான் தொடங்குகிறேன். ஆனால் நீ அதைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் அம்மா கண்ணை மூடிக்கொள்கிறாள். வேறு என்ன கேட்கலாம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டியா என்பதை எடுத்துவிட்டால் அம்மாவிடம் கேட்க நமக்கு என்ன இருக்கிறது.

அதனால் இந்தப் பார்சலில் போன வருஷத்து நாரத்தை டீயில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன், அவள் கட்டியது, கடைசித் துண்டு, பஞ்சு நனைக்க எனக்கு உதிர்ந்த தூள் போதும். கல் மாதிரி இருக்கும், பாத்திரத்தின் மேல் போட்டு உடைக்காதே, துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டு. கற்கண்டு ஒரு துண்டு போட்டுக் கொதிக்கவிடு. இது வந்து சேர்ந்த பிறகு வருகிற ஞாயிறு காலை, உனக்கு அது சனி சாயங்காலம், போனை மேசைமேல் வைத்துவிட்டு டீயை உயரத்திலிருந்து ஊற்று, ஊற்றுகிற சத்தம் அவளுக்குக் கேட்கட்டும். ஒன்றும் பேசாதே. குடி, இனிப்பு வருகிற வரை இரு. வந்ததும் இரண்டு விரலால் மேசையில் தட்டு. அன்றைக்குக் காலையில் அவள் கையுறையை நான் கழற்றி வைத்திருப்பேன், குழாய்ப் பக்கம் போகாமல் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். நீ தட்டியதும் விட்டுவிடுவேன். அவள் பதிலுக்குத் தட்டவேண்டுமென்றால் விட்டுத்தானே ஆகவேண்டும். விட்டால் அந்தக் கை மேசைக்குப் போகுமா, மூக்குக்குப் போகுமா என்று எனக்குத் தெரியாது.

நம் முன்னோர்கள் உன்னைக் கண்ணாகக் காக்கட்டும். நல்ல தூக்கமும் நல்ல பசியும் உனக்கு என்றும் இருக்கட்டும். சத்தம் கேட்கிற மாதிரி தட்டு, போன் மெதுவாகத்தான் எடுத்துக்கொடுக்கும், மறந்துவிடாதே.

உன் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா,
பெங் வூ-சியாங்

என் கையெழுத்துக்குக் கீழே அம்மா பெயரையும் நீயே சேர்த்துக்கொள். அவள் கைக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன், பொய் எழுத வரவில்லை.